தூங்கிப் பார்த்த நிலம்

சிலர் நிலத்தை அளந்து பார்ப்பார்கள். சிலர் மண்ணைக் கையில் அள்ளி முகர்ந்து பார்ப்பார்கள். நம் ஆள் படுத்துத் தூங்கிப் பார்ப்பார்.

அவர் தொழில் கோல்ஃப் மைதானம் வரைவது. பந்தை எங்கே நின்று அடிப்பது, அது எந்தச் சரிவில் உருளும், எந்த மணல் பள்ளத்தில் விழுந்து அடித்தவன் மானத்தை வாங்கும், பதினெட்டுக் குழிகளையும் சுற்றி முடித்த மனிதன் எந்த வழியாகக் கிளப்புக்குத் திரும்புவான் என்பதையெல்லாம் புல் முளைப்பதற்கு முன்பே முடிவு செய்கிற வேலை. அப்படி ஒரு வேலை இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த மீதிப் பேரோ, புல்லுதானே, அது பாட்டுக்கு முளைக்காதா என்று கேட்பார்கள். அவர் வாயே திறக்கமாட்டார். பதில் சொல்லும் நேரத்தில் ஒரு குட்டித் தூக்கம் போடலாமே என்பது அவர் கட்சி.

தூங்குமூஞ்சி என்று அவருக்குப் பெயர் வைத்தது மனைவியின் அண்ணன். கல்யாண வரவேற்பில், வந்தவர்கள் பரிசைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்க, மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண் அசந்துவிட்டார். அன்றைக்கு ஒட்டிய பெயர், தலை நரைத்த பிறகும் விடவில்லை. நாமும் அப்படியே கூப்பிடுவோம். ஆனால் கொஞ்சம் மரியாதையாக, தூங்குமூஞ்சியார் என்று.

புது நிலத்துக்குப் போனால் அவர் முதலில் கால் வலிக்கும்வரை நடப்பார். பிறகு நல்ல வெயில் நேரத்தில் மனசுக்குப் பட்ட ஓரிடத்தில் மல்லாந்து படுத்து, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொள்வார். தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல் நடுவில் ஓரிடம் இருக்கிறதே, அங்கேதான் அவருடைய உண்மையான அலுவலகம். முதுகுக்குக் கீழே மண் மெல்ல அசைவதுபோல் இருக்கும். மேகத்தின் நிழல் நெஞ்சின் மேல் ஏறி இறங்கிப் போகும். பிறகு கனவு வரும். கனவில் எதையோ தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டு போவார். ஒரு முறை சட்டைப் பொத்தான், ஒரு முறை பள்ளிக்கூட வாத்தியாரின் மூக்குக்கண்ணாடி. தொலைந்த பொருள் முன்னால் உருண்டுகொண்டே போகும், இவர் அவசரமில்லாமல் பின்னால் போவார். அது தயங்கி நிற்கும் இடத்தில் ஒரு குழி. அது கண்ணை விட்டு மறையும் இடத்தில் ஒரு மணல் பள்ளம். விழித்ததும் முகம்கூடக் கழுவாமல் வரைபடத்தை விரித்து, வந்த வழியைப் பென்சிலால் இழுத்துவிடுவார்.

இதெல்லாம் காதில் பூ சுற்றுகிற கதை என்று பொறியாளர்கள் சிரிப்பார்கள். பிறகு கருவியை வைத்து அளப்பார்கள். அவர் கோடு போட்ட இடத்தில் சரிவு சரியாகவே இருக்கும். அதன் பிறகு சிரிக்கமாட்டார்கள். அவர் வரைந்த மைதானங்களில் விளையாடியவர்கள், யாரோ கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனமாதிரி இருக்கிறது என்று சொல்வதுண்டு. அவரோ வாழ்நாளில் ஒரு பந்தைக்கூட அடித்ததில்லை.

கடிகாரம் பழுது பார்க்கும் கடைக்கு மேலே இரண்டு அறைகள். அதுதான் அவர்கள் அலுவலகம். உள்ளறையில் ஒரு சாய்வு மேசையும் ஒரு கட்டிலும். முன்னறையில் தொலைபேசி, சுருட்டிய வரைபடங்கள், மனைவி. மழைத் தண்ணீர் எந்தக் குழாயில் இறங்கி எங்கே போய்ச் சேரும் என்று கணக்குப் போடுவது அவள். ஒப்பந்தக்காரர்களோடு மல்லுக்கு நிற்பது அவள். கார் ஓட்டுவதும் அவள்தான். அவர் கையில் ஸ்டியரிங்கைக் கொடுக்க யாருக்கும் துணிச்சல் இல்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

பட்டப்பகலில் தொலைபேசி அடிக்கும். உள்ளறைக் கதவு சும்மா சாத்தியிருக்கும், குறட்டை கொர்கொர்ரென்று வெளியே வந்துகொண்டிருக்கும். அவள் ரிசீவரைக் கையால் பாதி பொத்திக்கொண்டு, "அவர் வேலையா இருக்காரு. என்ன விஷயம், சொல்லுங்க" என்பாள். எதற்கு எனக்காகப் பொய் சொல்கிறாய் என்று ஒருநாள் அவர் கேட்டார். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "யாரு பொய் சொன்னா? நீங்க வேலைதானே செய்றீங்க." இதைக் கேட்டு அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நிறைந்த நெஞ்சோடு போய்ப் படுத்துக்கொண்டார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வண்டியில்தான், பெயர் வைத்த அந்த மச்சான் வந்து ஏறினார்.

மச்சான் கட்டடங்கள் கட்டுகிறவர். தொட்டதெல்லாம் உயரமாகத்தான் இருக்கும். ஊருக்கு வெளியே ஒரு பெரிய நிலத்தை வாங்கி, கோல்ஃப் மைதானம் போடப்போவதாகக் குடும்ப விருந்தில் அறிவித்தார். யார் வரையப்போவது என்று பேச்சு வந்தபோது, கம்ப்யூட்டரில் ஒரே நாளில் போட்டுத் தருகிற பெரிய கம்பெனி ஒன்று இருக்கிறது என்றார். நம்ம வீட்டிலேயே ஒருத்தர் இருக்கும்போது வெளியே எதற்கு என்று யாரோ கேட்டார்கள். மச்சான் மேசையின் அந்தக் கோடியைப் பார்த்துச் சிரித்தார். அங்கே தூங்குமூஞ்சியார் தட்டுக்கு முன்னால் தலை தொங்கி உட்கார்ந்திருந்தார். மேசை முழுவதும் சிரித்தது.

மனைவி சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்று, "அண்ணா, இவர்தான் செய்வாரு. நான் பொறுப்பு" என்றாள். மச்சான் ஒரு நிமிஷம் தங்கையைப் பார்த்துவிட்டு, சரி, அடுத்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நிலத்துக்கே வருகிறேன், வழி முழுக்கப் போட்டுக் காட்டினால் வேலை மாப்பிள்ளைக்கு, இல்லையென்றால் மறுநாள் கம்பெனிக்குப் போன் போடுவேன் என்று சொல்லிவிட்டார். தூங்குமூஞ்சியார் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கண் மட்டும்தான் மூடியிருந்தது.

நிலம் அழகான நிலம். நடுவே ஒரு குன்று, சுற்றிலும் மடிப்பு மடிப்பாக இறங்கும் காய்ந்த புல்வெளி, அடியில் ஒரு குளம். குன்றின் உச்சியில் மச்சான் ஏற்கனவே வெள்ளையடித்த கம்புகளை நட்டு, கயிறு கட்டி வைத்திருந்தார். கிளப் கட்டடம் அங்கேதானாம். நாலு பக்கமும் கண்ணாடி, எங்கே பார்த்தாலும் தன் நிலம். தூங்குமூஞ்சியார் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். கட்டடம் எங்கே என்பதுதான் இந்தத் தொழிலில் முதல் கேள்வி, ஏனென்றால் எல்லோரும் அங்கிருந்து புறப்பட்டு அங்கேயே வந்து சேர வேண்டும். வேறு முதலாளியாக இருந்தால் சண்டை போட்டிருப்பார். மச்சானிடம் யார் போடுவது? மென்று விழுங்கிவிட்டு, அவருக்கு மரியாதை செய்வதாக நினைத்து, அந்தக் கயிற்றுக்குள்ளேயே போய்ப் படுத்தார்.

தூக்கம் வரவில்லை.

முதல் நாள் எறும்பு மேல் பழி போட்டார். மறுநாள் காற்று மேல். அதற்கும் மறுநாள், தொப்பி புதுசு, அதுதான் காரணம் என்றார். வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பது அவருக்குப் புது அனுபவம். வானம் இவ்வளவு நேரம் அங்கேயே இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்தாலும் அதே கதை. மெத்தையில் உருண்டார், புரண்டார், பொட்டுத் தூக்கம் இல்லை. பக்கத்தில் மனைவி விளக்கைப் போட்டு, என்ன செய்யுது என்று கேட்பாள். வெந்நீர் வைத்துத் தருவாள், காலைப் பிடித்துவிடுவாள். அவர் தூங்கவில்லை என்றால் அவளும் தூங்கவில்லை.

விழித்திருந்தே வரைந்து பார்த்தார். கை வரைந்தது. ஆனால் எப்படிப் போட்டாலும் கடைசிக் குழி குன்றின் மேல் மூச்சு வாங்க ஏறியது. பதினேழு குழியைச் சிரித்துக்கொண்டே முடித்தவன் பதினெட்டாவதில் மலை ஏறினால் யாரைத் திட்டுவான்? வரைந்தவனைத்தான். கிழித்துப் போட்டார், மறுபடி வரைந்தார், மறுபடி மலை.

வேலை போனால் போகட்டும், அதற்காக அவர் கவலைப்படவில்லை. எத்தனையோ வேலை போயிருக்கிறது. ஆனால் அவள் அன்றைக்கு எல்லோர் முன்னாலும் எழுந்து நின்ற காட்சி கண்ணை விட்டுப் போகவில்லை. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத் தன் அண்ணன் முன்னால் அவள் தலை குனிந்து நிற்பதைப் பார்க்க நேருமே என்பதுதான் கவலை. அவர் பயந்தார், அவ்வளவுதான். தூக்கம் பயந்தவனிடம் வருவதில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. மற்ற நாட்களில் அவரை நிலத்தில் இறக்கிவிட்டு அலுவலகம் திரும்பிவிடும் மனைவி, அன்று கூடவே இருந்தாள். அண்ணன் வரும்போது நான் இருக்க வேண்டும் என்றாள். அவர் வழக்கம்போல் கம்புகளுக்கு நடுவே போய்ப் படுத்து, சிறிது நேரத்திலேயே எழுந்து வந்துவிட்டார். கீழே போய் நிழலில் உட்கார்ந்து ஏதாவது சாப்பிடலாம் என்று அவள் சொன்னாள்.

குளத்துக்குச் சற்று மேலே, ஒரு படிபோல் நிலம் சமமாக நின்ற இடத்தில், தனியாக ஒரு பெரிய மரம் இருந்தது. அடியில் புல் இல்லை, மாவுபோல் புழுதி. அவள் துண்டை விரித்து உட்கார்ந்து, மரத்தில் சாய்ந்து, ஃபிளாஸ்கைத் திறந்தாள். வடிகால் குழாய்க்காரன் விலையை ஏற்றிவிட்டான், அவனை நாளைக்குக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே கோப்பையில் தேநீர் ஊற்றினாள். "நாளைக்கு நான் அவன்கிட்ட..." என்றவள் அதற்கு மேல் சொல்லவில்லை. அவன்கிட்ட என்ன என்று கேட்டபடி அவர் திரும்பிப் பார்த்தார்.

அவள் தூங்கிவிட்டிருந்தாள். மூடி திறந்த ஃபிளாஸ்க் மடியில் இருந்தது. அவர் அதை மெல்ல எடுத்து வைத்தார். கொஞ்ச நேரத்தில் அவள் மரத்திலிருந்து சரிந்து, துண்டின் மேல் ஒருக்களித்துப் படுத்தாள். ஒரு கால் செருப்பு கழன்று புழுதியில் கிடந்தது. அடித்துப் போட்டாற்போல் தூக்கம்.

எழுப்பிவிடலாமா என்றுதான் முதலில் நினைத்தார். நாலு மணிக்கு அண்ணன் வருவார், தங்கை இப்படிக் கிடப்பதைப் பார்த்தால் குடும்பத்தோடு தூங்குகிறீர்களா என்று கேட்பார். எழுப்பக் கையை நீட்டியவர், அவள் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

இந்த முகத்தை அவர் பார்த்ததே இல்லை. இத்தனை வருஷத்தில் அவள் தூங்கி அவர் பார்த்ததில்லை. இரவில் முதலில் தூங்குவது அவர். காலையில் கடைசியாக எழுவதும் அவர். பகல் தூக்கம் அவருடைய தனிச் சொத்து. நடுவில் எந்நேரத்திலாவது அவளும் தூங்கியிருப்பாள், மனுஷிதானே. ஆனால் அது எப்போது, எப்படி என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. தூக்கத்தில் அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. நெற்றியில் எப்போதும் இருக்கும் கணக்குச் சுருக்கம் இல்லை. யாரோ பொறுப்பை வாங்கிக்கொண்டதுபோல் முகம் லேசாக இருந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. கூடவே, சொல்லத் தெரியாத ஒரு சந்தோஷமும் வந்தது.

இலைகளுக்கு நடுவிலிருந்து வெயில் ஒரு சில்லறைக் காசளவு அவள் கன்னத்தில் விழுந்தது. அவர் பக்கத்தில் கிடந்த அவள் குடையை விரித்து மறைத்தார். வெயில் நகர்ந்தது, குடையும் நகர்ந்தது. எழுந்து போகவும் முடியாது, படுக்கவும் முடியாது. ஒரு கையில் குடை, ஒரு கை சும்மா. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தூங்குமூஞ்சியார் காவல் இருந்தார்.

காவல் இருக்கிறவனுக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. அவர் பார்த்தார். கீழேயிருந்து பார்க்கும்போது அந்த நிலம் வேறு நிலமாக இருந்தது. மேலே படுத்திருந்தபோது எல்லாம் அவரை விட்டு விலகி விலகிப் போய்க்கொண்டிருந்தது. இங்கேயோ எல்லாச் சரிவும் இந்த மரத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. காற்று குன்றைச் சுற்றிக்கொண்டு வந்து இங்கே ஓய்ந்தது. புல் படுத்த பக்கம் இதுதான். மேகத்தின் நிழல் ஒன்று மேட்டில் ஏறி, வழுக்கி, ஒரு மடிப்பில் மறைந்து, அடுத்த மடிப்பில் தலைகாட்டி, அவசரமே இல்லாமல் அவரை நோக்கி வந்தது. அவர் கண் திறந்துதான் இருந்தது. ஆனாலும் உட்கார்ந்த இடத்துக்குக் கீழே அந்தப் பழைய அசைவு தெரிந்தது. எது உருண்டு வருகிறது, எங்கே தயங்குகிறது, எங்கே மறைகிறது என்று எல்லாமே தெரிந்தது. இத்தனை காலமும் புறப்படுகிற இடத்திலிருந்துதான் வழி தேடியிருக்கிறார். திரும்பி வருகிற இடத்திலிருந்து ஒருநாளும் தேடவில்லை.

சும்மா இருந்த கை ஒரு சுள்ளியை எடுத்தது. வரைபடம் காரில் இருந்தது, போய் எடுக்க முடியாது. புழுதியிலேயே இழுத்தார். அவள் பாதத்துக்குப் பக்கத்திலிருந்து தொடங்கி, பதினெட்டு, பதினேழு, பதினாறு என்று பின்னோக்கியே போனார். குன்றைச் சுற்றி ஒரு பெரிய வளையம், அதன் தோளில் மட்டும் ஏறி, உச்சியைத் தொடாமல், பாதியில் ஒரு தடவை மரத்தடிக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி குளத்தின் அந்தப் பக்கமாக. இலைகள் குழிகள் ஆயின. கட்டடம் வைக்க எதுவும் கிடைக்கவில்லை. கழன்று கிடந்த அவள் செருப்பை எடுத்து வைத்தார். சரியாகப் பொருந்தியது.

கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. மச்சான் குன்றின் மேல் அவர்களைத் தேடிவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே கீழே இறங்கி வந்தார். தூங்குமூஞ்சியார் உதட்டில் விரலை வைத்தார். மச்சான் படுத்திருந்த தங்கையையும் குடை பிடித்திருந்த மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன மாப்பிள்ளை, இவளும் தூங்க ஆரம்பிச்சுட்டாளா?"

"தூங்கல மச்சான்" என்றார் இவர், மெதுவாக. "வேலையா இருக்கா."

மச்சானுக்கு ஏதோ கேலி நாக்கு நுனிவரை வந்திருக்க வேண்டும். வந்தது வெளியே வரவில்லை. தங்கையின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். அவர் குரல் தானாகவே இறங்கியது.

"இவ தூங்கி நான் பார்த்ததே இல்ல. அப்பா படுக்கையில கிடந்தப்போகூட ராத்திரியெல்லாம் இவதான் முழிச்சிருப்பா. நாங்கல்லாம் தூங்கிடுவோம்."

"நானும் பார்த்ததில்ல மச்சான். இன்னிக்குத்தான்."

மச்சான் கால்சட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டு குந்தி உட்கார்ந்து, புழுதியில் இருந்த கோடுகளைப் பார்த்தார். இவர் சுள்ளியால் காட்டிக்கொண்டே போனார். கோடுகள் நன்றாகத்தான் இருக்கின்றன என்று மச்சான் தலையை ஆட்டினார். பிறகு செருப்பில் வந்து நின்றார்.

"இது என்ன?"

"கிளப் கட்டடம்."

"அது மேலதானே இருக்கு? கம்பு நட்டு வெச்சிருக்கேனே."

இங்கேதான் தூங்குமூஞ்சியார் மச்சானிடம் வழக்கமாக மென்று விழுங்குவார். இன்று விழுங்கவில்லை. உச்சியிலிருந்து பார்ப்பது முதலாளிக்கு நன்றாக இருக்கும், ஆடிக் களைத்து வருகிறவனுக்கு வீடு கீழேதான் வேண்டும், மலை ஏறி வீட்டுக்கு வருகிறவன் மறுநாள் வரமாட்டான் என்றார். தண்ணீர் நிற்காதா என்று மச்சான் கேட்டார். குளம் இன்னும் கீழே இருக்கிறது, இது ஒரு படி, நின்றிருந்தால் இந்த மரம் என்றைக்கோ அழுகியிருக்கும் என்றார். மச்சான் குன்றை அண்ணாந்து பார்த்தார். வெள்ளைக் கம்புகள் அங்கே வெயிலில் தனியாக நின்றன. பிறகு கையை நீட்டி, புழுதியில் இருந்த செருப்பை எடுத்தார்.

போச்சு என்று நினைத்தார் இவர்.

மச்சான் செருப்பில் ஒட்டியிருந்த மண்ணைக் கட்டைவிரலால் துடைத்தார். எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார். வைத்த பிறகு, அதைக் குளத்தைப் பார்க்கும்படி லேசாகத் திருப்பினார்.

"வாசல் இந்தப் பக்கம் இருக்கட்டும்" என்றார்.

இந்தப் பேச்சில் அவள் தூக்கம் கலைந்திருக்க வேண்டும். கண்ணைத் திறக்காமலே கால் மட்டும் செருப்பைத் தேடித் துழாவியது.

"அண்ணன் வந்தாச்சா?" என்று தூக்கக் கலக்கத்தில் கேட்டாள்.

தூங்குமூஞ்சியார் வாயைத் திறப்பதற்குள் மச்சான் முந்திக்கொண்டார்.

"அண்ணன் இன்னும் வரலம்மா. நீ தூங்கு."

அவள் சரியென்று முனகிவிட்டு மறுபக்கம் புரண்டு படுத்தாள். வெயில் மறுபடி நகர்ந்திருந்தது. மச்சான் குடையை வாங்கிப் பிடித்துக்கொண்டார்.